இரு சர்வர்களுக்கு நடுவே

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பெறாமல் ஒரு சாமானியக் குடும்பத்துப் பிள்ளை கல்லூரி வாசலை மிதிப்பது இந்நாளில் எளிதன்று. அவற்றைப் பெறுவதற்கோ கணினியின் துணையின்றி வேறு மார்க்கம் அநேகமாக இல்லை. ஆகவே, பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியாகும் மே மாதம் தொடங்கிக் கல்லூரிச் சேர்க்கை முடியும் வரையில், வருஷநாட்டு மலையடிவாரத்திலிருந்தும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்து ஊர்களிலிருந்தும், ஒரு நாட்கூலியை இழந்து, பஸ் ஏறி, ரேஷன் கார்டும் ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் அடங்கிய பையுடன் ஆண்டிபட்டித் தாலுகா ஆபீசை நாடி வரும் பெற்றோர்கள் பலர். அவர்களுடைய முறை வந்து, விவரங்களையெல்லாம் தட்டி முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்தும் வேளையில் திரை வெளுத்து நின்றுவிட, "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்னும் பதிலைக் கேட்டுத் திரும்புகிற அனுபவம் தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவுக்கும் புதியதன்று. அங்குள்ள இ-சேவை மையத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரை இதற்காகக் கடிந்துகொள்வது நியாயமாகாது. வந்தவர்கள் பார்க்கும் அதே வெற்றுத் திரையைத்தான் அவரும் பார்க்கிறார்.

இவ்விதம் வேலை நின்றுபோகும் சமயங்களிலெல்லாம் சர்வர் மெய்யாகவே படுத்துவிட்டது என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். மின்சாரம் போயிருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், யந்திரம் பழுதாகியிருக்கலாம். அவையும் நிகழாமல் இல்லை. ஆனால் யந்திரம் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்க, தரவுகள் அனைத்தும் பத்திரமாக இருக்க, அவற்றிற்கும் வெளியுலகத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய இணைப்பைச் சரிவர அமைக்காத ஒரே காரணத்தினால் காரியம் முழுவதும் ஸ்தம்பித்துவிடுவதும் உண்டு என்பதை இத்துறையில் பழகியவர்கள் நன்கறிவார்கள். அந்த இணைப்பைப் பராமரிப்பதும் சாலை போடுவது, குழாய் பதிப்பது போன்ற பொதுப்பணிகளோடு சேர்த்து எண்ணத்தக்க ஒரு பணியே என்பது என் அபிப்பிராயம்.

அதன் அமைப்பை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஓர் இணையதளத்தை நாம் திறக்கும்போது நம்முடைய வேண்டுகோள் முதலில் சென்று சேர்வது வெப் சர்வர் என்னும் முன்நிலை யந்திரத்தை. படங்கள், தலைப்புகள், படிவத்தின் வெற்று வடிவம் முதலிய மாறாத பொருள்களை அதுவே எடுத்துக் கொடுத்துவிடும். இன்னாருடைய பட்டா எந்த எண்ணில் இருக்கிறது, இந்த விண்ணப்பம் எந்த உத்தியோகஸ்தரிடம் போக வேண்டும், கட்டணம் வந்துவிட்டதா என்றெல்லாம் ஆராய்ந்து விடை கூற வேண்டிய காரியங்கள் அதற்குப் பின்னே இருக்கும் அப்ளிகேஷன் சர்வரின் பொறுப்பு. அது தரவுத்தளத்தைக் கலந்து விடையைத் தயாரித்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டு சர்வர்களும் ஒன்றோடொன்று பேசுவதற்காக முன்நிலை யந்திரத்தில் பொருத்தப்படும் சிறு மென்பொருளுக்குப் பிளக்-இன் என்று பெயர். தமிழ்நாட்டு அரசின் இன்ன தளம் இன்ன மென்பொருளில் ஓடுகிறது என்று ஆராய்வது இங்கே என் நோக்கமன்று. பெயர்கள் வேறுபட்டாலும், பெரிய தளங்கள் பெரும்பாலும் இத்தகைய அமைப்பிலேயே நிற்கின்றன.

இந்தப் பிரிவினை தற்செயலாக ஏற்பட்டதன்று. 1995-ல் அப்பாச்சி வெப் சர்வர் வெளிவந்த காலத்தில் இணையதளம் என்பது பெரும்பாலும் படித்துவிட்டுப் போவதற்கான பக்கங்களின் தொகுதியாகவே இருந்தது. பிறகு வங்கிக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் விண்ணப்பங்களும் அதனூடே நடைபெறத் தொடங்கியதும், கணக்குப் போடும் வேலைக்கென்று தனி சர்வர்கள் தேவைப்பட்டன. 1998-ல் ஐ.பி.எம். கம்பெனி வெப்ஸ்பியர் என்னும் அப்ளிகேஷன் சர்வரைக் கொண்டுவந்தது. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன்னிடமிருந்த நிரலை அப்பாச்சி ஸ்தாபனத்துக்கு அளிக்க, அதிலிருந்து டாம்கேட் என்னும் மற்றோர் அப்ளிகேஷன் சர்வர் வளர்ந்தது. பொதுமக்கள் நேரே வந்து தொடும் யந்திரம் ஒன்று, ஆவணங்களைக் கையாளும் யந்திரம் வேறொன்று என்று பிரித்து வைப்பதில் பாதுகாப்பு உண்டு. பின்னே நான்கு அப்ளிகேஷன் சர்வர்களை நிறுத்தி, ஒன்றைப் பழுது பார்க்கையில் மற்ற மூன்றும் வேலை செய்யுமாறு ஏற்பாடு செய்துகொள்ளும் சௌகரியமும் உண்டு. ஆனால் இந்த நன்மைகளெல்லாம் நடுவே உள்ள பிளக்-இன் தன் கடமையைச் செய்தால்தான் கைக்கு எட்டும். அதன் கடமையை வரையறுப்பதோ ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. டாம்கேட்டுக்கு முன்னே நிற்கும் மாட்-ஜேகே என்னும் பிளக்-இன்னுக்கு அது சில வரிகளில் அடங்கிவிடும். வெப்ஸ்பியருக்கோ அது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. எந்த முகவரிக்கு வரும் வேண்டுகோளைப் பின்னே அனுப்புவது, அங்கே எத்தனை சர்வர்கள் இருக்கின்றன, எந்த போர்ட் (நுழைவாயில் எண்) வழியாகப் பேசுவது, பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருப்பது, பதில் வராத சர்வரை எவ்வளவு நேரம் ஒதுக்கி வைப்பது என்பனவே அதிலுள்ள விஷயங்கள்.

அற்பமாகத் தோன்றும் அந்த வரிகள் எத்தனை விபரீதங்களுக்குக் காரணமாகக் கூடும் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். புதிய சேவை ஒன்றை அப்ளிகேஷன் சர்வரில் ஏற்றிவிட்டு, வெப்ஸ்பியரின் பிளக்-இன் கோப்பைப் புதுப்பித்து வெப் சர்வருக்கு அனுப்ப மறந்துவிட்டால், சேவை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே கேட்பவருக்கோ அப்படி ஒரு பக்கமே இல்லை என்னும் 404 பதில் வரும். கோப்பை அனுப்பிவிட்டால், வழக்கமான அமைப்பில் பிளக்-இன் அறுபது விநாடிக்கு ஒரு முறை அதைப் பார்த்துப் புது விவரத்தை ஏற்றுக்கொண்டுவிடும்; ஒரு நிமிஷத்தில் தீரக்கூடிய குறை, அதைக் கவனிப்பவர் இல்லாத இடத்தில் ஒரு வாரம் நீடிக்கிறது. கூட்டம் அதிகமாகிவிட்டதே என்று பணம் செலவழித்துப் புதிய சர்வர்களை வாங்கி நிறுத்துவதிலும் இதே கதைதான்: கோப்பில் அவற்றின் பெயரை எழுதாத வரையில் ஒரு வேண்டுகோளும் அவற்றைச் சென்று அடையாது.

எல்லாவற்றிலும் நுட்பமானது காத்திருக்கும் காலத்தை நிர்ணயிப்பது. அதை மிக நீளமாக வைத்துவிட்டால், பின்னே ஒரு சர்வர் திணறத் தொடங்கியதும் முன்நிலை யந்திரத்தில் வேண்டுகோள்களைக் கவனிக்கும் ஆள்கள் (அதாவது அதன் உட்செயல்கள்) அனைவரும் பதிலை எதிர்பார்த்து நின்றுவிடுவார்கள். அப்பாச்சி, தன் ஈவென்ட் முறையில், வேறு கட்டளை இல்லாவிடில் ஒரே சமயத்தில் 400 வேண்டுகோள்களை ஏற்கும், டாம்கேட்டோ 200 வேலைகளைத்தான் ஒருசேரச் செய்யும் என்னும்போது, இந்தப் பொருத்தமின்மையைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டையும் இணைத்து வைத்தவர் நெரிசலுக்குத் தாமே அஸ்திவாரம் போட்டவராகிறார். அந்நிலையில் ஒரு படத்தை எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இராது. தளம் முழுவதும் செத்துவிட்டதாகவே காண்பவருக்குத் தோன்றும். மாறாக, காத்திருக்கும் காலத்தை மிகக் குறுக்கிவிட்டால் வேறு வகையான தீங்கு நேர்கிறது. அப்ளிகேஷன் சர்வர் விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டிருக்கையிலேயே, பதில் வரவில்லை என்று முடிவு செய்துவிடும் பிளக்-இன், அதே வேண்டுகோளை வேறொரு சர்வருக்கு மறுபடியும் அனுப்பிவிடக் கூடும். படிப்பதற்கான பக்கம் இரு முறை கேட்கப்பட்டால் நஷ்டம் எதுவும் இல்லை; கட்டணம் செலுத்தும் கட்டளை இரு முறை போனால், உள்ளேயுள்ள நிரல் அதைக் கண்டுபிடித்துத் தடுக்காத பட்சத்தில், கூலிக்காரர் ஒருவரின் பணம் இரு முறை கழிந்துவிடும். இத்தகைய மறு அனுப்புதலைத் தடுப்பதற்கென்றே மாட்-ஜேகேயில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதுவதற்கு ஒரு நிமிஷம் போதும். எழுத வேண்டும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் படிப்பும் சிரத்தையும் வேண்டியிருக்கின்றன.

மற்றொரு துன்பத்தை மையங்களில் படிவம் நிரப்பியவர்கள் அனுபவித்திருப்பார்கள். மூன்று பக்கங்கள் நிரப்பி முடித்து நான்காம் பக்கத்துக்குப் போகும் தருணத்தில், தளம் மறுபடியும் முதலிலிருந்து லாகின் செய்யச் சொல்லும். ஒருவருடைய பாதி வேலை எந்த சர்வரின் நினைவில் இருக்கிறதோ, அந்த சர்வருக்கே அவருடைய அடுத்த வேண்டுகோளும் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயரைப் பயனாளியின் செஷன் அடையாளத்தோடு சேர்த்து அனுப்புகிறார்கள். சர்வரில் எழுதிய பெயரும் பிளக்-இன் கோப்பில் எழுதிய பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டாலும், அவ்வடையாளம் பயனற்றுப் போக, வேண்டுகோள்கள் கண்ட இடத்துக்குச் சென்று, அதுவரை பட்ட சிரமமெல்லாம் வீணாகின்றது.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் எத்தகைய பலனைத் தரும் என்பதை 2020 பிப்ரவரியில் உலகம் கண்டது. மாட்-ஜேகே முதலிய பிளக்-இன்கள் டாம்கேட்டோடு பேசப் பயன்படுத்தும் 8009-ஆம் போர்ட், வெகுகாலமாக யார் வேண்டுமானாலும் தொடக்கூடியவாறு திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதையும், அதன் வழியே நுழைந்து உள்ளேயுள்ள கோப்புகளைப் படித்துவிட முடியும் என்பதையும் சீனத்து ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கோஸ்ட்கேட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். டாம்கேட்டின் 9.0.31-ஆம் பதிப்பு முதல் அந்த வழி இயல்பாகவே மூடி வைக்கப்பட்டு, திறப்பவர் ஒரு ரகசியச் சொல்லையும் அமைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதைப் படிக்காமல் பதிப்பை மட்டும் மாற்றியவர்கள், மறுநாள் இரு சர்வர்களும் பேச்சை நிறுத்திவிட்டதைக் கண்டு திகைத்தார்கள். மாற்றாதிருந்தவர்களின் நிலையோ அதனினும் ஆபத்தானது.

இவை அனைத்தையும் விளங்கிக்கொள்ள ஆண்டிபட்டிக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் கண்முன்னே வைகை அணை இருக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட அந்த அணையில் எழுபத்தோரு அடி தண்ணீர் நிறைந்து நின்றாலும், மதகின் ஷட்டர் உயராவிட்டால் மேலூர்ப் பக்கத்து வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. அளவின்றி உயர்ந்தாலோ கரையோரத்து ஊர்களுக்கு அபாயம். அதனால்தான் அந்த மதகைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார். நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று, அணை நிரம்புவதற்கு முன்பே தேனி முதல் ராமநாதபுரம் வரையில் கரையோர மக்களுக்குச் செய்தி போகிறது. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்பது நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது. மின்னணுச் சேவையில் பிளக்-இன்னுக்கு இருப்பது மதகின் ஸ்தானம். அதைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஆள் உண்டா, நெரிசல் எல்லையைத் தொடுவதற்கு முன் எச்சரிக்கை உண்டா, எத்தனை விண்ணப்பங்கள் வந்து எத்தனை நிறைவேறின என்ற கணக்கு வெளியாகிறதா என்று கேட்பது, ஆயக்கட்டு விவசாயி கேட்கும் கேள்வியைப் போலவே நியாயமானது.

நெரிசல் எதிர்பாராதது என்னும் சமாதானத்தை நான் ஏற்றுக்கொள்வதற்கில்லை. நம் நாட்டில் பெரும் நெரிசல்கள் நாள் குறித்துக்கொண்டு வருகின்றன. ரயில்வேயின் தத்கால் பதிவு காலை பத்து மணிக்கும் பதினோரு மணிக்கும் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2021 ஏப்ரல் 28 அன்று மாலை நான்கு மணிக்குப் பதினெட்டு வயது நிரம்பிய அனைவரும் கொரோனா தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ளலாம் என்று அரசே முன்கூட்டி அறிவித்தது. அந்த ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிந்தார்கள் என்பது பெருமைக்குரியதாயினும், தொடக்க வேளையில் அப்பதிவுக்கான கோவின் தளம் திணறியதையும் ஓ.டி.பி.க்காக மக்கள் காத்துக் கிடந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1 அன்று பெருஞ்செலவில் திறந்து வைக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல் நாள் முடிவில் பதிவை நிறைவு செய்தவர்கள் ஆறே பேர். தனித்தனியே அமைத்த பாகங்களையெல்லாம் ஒன்றாக இணைத்து, ஆதியிலிருந்து அந்தம் வரை பரீட்சித்துப் பார்க்கக் கடைசி இரண்டு வாரங்கள்தாம் கிடைத்தன என்று அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். பணத்துக்கும் அறிவுக்கும் குறைவில்லாத தேசத்திலேயே, பாகங்களுக்கு நடுவே உள்ள இணைப்பைக் கவனியாமற்போனதால் விளைந்த பலன் இது.

நம்முடைய ஒப்பந்தங்கள் எதை அளக்கின்றன என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். ஆண்டு முழுவதிலும் 99.5 சதவீத நேரம் தளம் இயங்க வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தில் எழுதினால், கேட்பதற்கு அது நிறைவாகவே இருக்கும். மீதமுள்ள அரை சதவீதம் சுமார் 44 மணி நேரம். அது முழுவதும் ஜூன் மாதத்து வேலை நேரங்களில் வந்து விழுந்தால், ஐந்து முழு வேலை நாட்கள் போய்விடும், நிபந்தனையோ மீறப்பட்டிராது. அன்றியும், இயங்குகிறதா என்று சோதிக்கும் கருவி முகப்புப் பக்கத்தை மட்டும் தட்டிப் பார்க்குமானால், வெப் சர்வர் அதைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும்; பின்னே இணைப்பு அறுந்து ஒரு விண்ணப்பமும் நகராதிருந்தபோதிலும், ஏட்டில் நூறு சதவீதம் என்றே பதிவாகும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவதாக, ஒவ்வொரு மக்கள் சேவைத் தளத்திலும் இந்த இணைப்புக் கோப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, அதில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு, அரசின் வசமே பாதுகாக்க வேண்டும்; ஒப்பந்தக்காரர் மாறும்போது அந்த அறிவு அவரோடு வெளியேறிவிடக் கூடாது. இரண்டாவதாக, ஏப்ரல் மாதத்திலேயே, மே மாத நெரிசலுக்கு ஒப்பான பொய்ந்நெரிசல் ஒன்றை உண்டாக்கி, லாகின் முதல் கட்டண ரசீது வரையில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே ஓர் அப்ளிகேஷன் சர்வரை நிறுத்திவிட்டு, மற்றவை அதன் சுமையை ஏற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக, முகப்புப் பக்கத்தை அளப்பதை விடுத்து, தொடங்கிய விண்ணப்பங்களில் முடிந்தவை எத்தனை என்பதைத் தாலுகாவாரியாக நாள்தோறும் வெளியிட வேண்டும்.

நான்காவது யோசனை செலவே இல்லாதது. பின்னே உள்ள சர்வர் பதில் தராதபோது 502, 503, 504 என்னும் எண்களோடு வரும் ஆங்கிலப் பக்கம் ஆண்டிபட்டிக்கு வந்த தாயாருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. அந்தப் பக்கத்தை நாம் விரும்பியவாறு எழுதி வைக்க வெப் சர்வரில் வழி இருக்கிறது. எவ்வளவு நேரம் கழித்து மறுபடி முயலலாம் என்று தெரிவிக்கவும் இணைய நெறிமுறையிலேயே இடம் இருக்கிறது. சேவை தாமதமாகிறது, எத்தனை மணிக்கு மேல் முயலலாம், பணம் பிடிக்கப்பட்டதா என்பதை எந்த எண்ணில் விசாரிக்கலாம் என்று நல்ல தமிழில் நான்கு வரிகள் இருந்தால், அவர் உறவினர் வீட்டில் காத்திருப்பதா, கடைசி பஸ்ஸைப் பிடிப்பதா என்று முடிவு செய்துகொள்வார். பிரஜைகளுக்கு அரசு காட்ட வேண்டிய மரியாதையின் ஒரு பகுதி இது.

இதெல்லாம் நிபுணர்கள் சென்னையில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா, பொதுஜனப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். ஷட்டரின் யந்திர நுணுக்கம் தெரிந்தால்தான் விவசாயி தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று எவரும் சொன்னதில்லை. மேலும், அந்த நிபுணர்கள் நம் பள்ளத்தாக்கிலிருந்தே உருவாகக் கூடாது என்ற விதியும் இல்லை. போடிநாயக்கனூரில் அரசுப் பொறியியற் கல்லூரி இருக்கிறது. நிரல் எழுதக் கற்பிக்கும் கல்லூரிகள் தேனியைச் சுற்றிலும் இருக்கின்றன. புதிய நிரலை எழுதுவதில் காட்டும் உற்சாகத்தில் ஒரு பங்கையாவது, எழுதியதை இணைத்து, நெரிசலைத் தாங்கும்படி அமைத்து, பழுதானால் காரணம் கண்டறியும் பயிற்சிக்கு அவை ஒதுக்கினால், கோப்பின் ஒரு வரிக்குப் பின்னே எத்தனை குடும்பங்களின் ஒரு நாட்கூலி இருக்கிறது என்பதை அறிந்த பொறியாளர்கள் இங்கிருந்தே கிளம்புவார்கள்.

கிராம சபைக்கு விதித்த நாட்களில் மே 1-ஆம் தேதியும் ஒன்று; சேர்க்கைக் காலத்தின் வாசலிலேயே அது வருகிறது. ஆண்டிபட்டி ஒன்றியத்திலும் கடமலை-மயிலை ஒன்றியத்திலும் கூடும் சபைகள், குடிநீரையும் சாலையையும் பற்றித் தீர்மானம் போடுவதோடு, இந்த ஆண்டுச் சான்றிதழ்த் தளத்தை நெரிசலுக்கு முன் பரீட்சித்துப் பார்த்தாயிற்றா, பார்த்தவர் யார், முடிவு என்ன என்று எழுத்து மூலமாகக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்ப வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் ஏற்பட்டுவிட்டால், அதற்கான வேலையை ஏப்ரல் மாதத்திலேயே முடித்துவைக்க வேண்டிய கட்டாயமும் கூடவே ஏற்பட்டுவிடும்.